மூன்றரை மணித் தட்டல்

எங்கள் தெருவில் யாருக்காவது யாராவது தேவைப்பட்டால், அந்த நேரத்தில் தெருவுக்குள் இருக்கிற எல்லோருடைய இடது தோளிலும் ஒரு தட்டல் விழும், இரண்டு விரலால் தட்டுவதுபோல, வலிக்காது, ஆனால் விடாது, யாராவது ஒருவர் வாய்விட்டு "என்னுது" என்று சொல்லும்வரை தட்டிக்கொண்டே இருக்கும், அடுப்பில் பால் பொங்கினாலும் அப்படித்தான், தொட்டிலில் குழந்தை முழித்தாலும் அப்படித்தான், மாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான், குளியலறையில் வழுக்கி விழுந்த பெரியவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாலும் அப்படித்தான். எந்த வீடு என்று அது சொல்லாது. தட்டும், அவ்வளவுதான். யாராவது "என்னுது" என்று சொன்னதும் நிற்கும், நின்றபிறகு அதே தேவைக்காக மறுபடி தட்டாது, தேவை புதிதாக எழுந்தால்தான் தட்டும். ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. முந்தின நாள் இல்லை.

வேறு தெருவாக இருந்திருந்தால் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள். ஓசூரில் எங்கள் தெரு அப்படிப்பட்ட தெரு இல்லை. தெருக்கோடியில் லிஃப்டுக்கும் பம்புக்கும் கன்ட்ரோல் போர்டு செய்கிற கம்பெனி இருக்கிறது, பாதி வீட்டுக்காரர்கள் அதில்தான் வேலை செய்கிறார்கள், அதிலும் பாதிப் பேர் என் அப்பா தேவநேசனைப்போல டிரைவர் எழுதுகிறவர்கள். வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை, போர்டில் தொங்குகிற ஒவ்வொரு சாமானையும் கவனித்துக்கொள்கிற புரோகிராம். அதனால் முதல் தட்டல் விழுந்ததும் யாரும் சாமி என்று சொல்லவில்லை, பேய் என்று சொல்லவில்லை, மீசை மழித்துக்கொண்டிருந்தவரும் தோசை திருப்பிக்கொண்டிருந்தவரும் ஒருவரை ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "இன்டரப்ட்டா?" என்று கேட்டுக்கொண்டார்கள். "அப்படித்தான் தெரியுது," என்று பதில் வந்தது. அதோடு ஆச்சரியம் தீர்ந்தது.

இன்டரப்ட் என்றால் என்னவென்று அப்பா எனக்குச் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு பலமுறை சொல்லியிருக்கிறார், பாதியில் எனக்குத் தூக்கம் வந்துவிடும், இருந்தாலும் விஷயம் இவ்வளவுதான்: பிராசசர் தன் பாட்டுக்கு ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும், கதவு சென்சாரோ பட்டனோ அதன் தோளில் தட்டும், உடனே அது கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, எந்த இடத்தில் விட்டோம் என்று குறித்துக்கொண்டு, தட்டியது யார் என்று விசாரிக்க வேண்டும். ஒரே கம்பியில் நாலைந்து சாமான் சேர்ந்து தொங்குவதால், கர்னல் என்கிற பெரிய புரோகிராம் ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டு உன்னுதா, உன்னுதா என்று கேட்கும். டிரைவர் தன் சாமானை மட்டும் எட்டிப் பார்த்து ஆமாம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்ல வேண்டும். வேலை பெரியதாக இருந்தால் பிறகு செய்கிறேன் என்று ஓரமாகப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். எல்லா டிரைவரும் இல்லை இல்லை என்று சொல்லியும் தட்டல் ஓயாவிட்டால், கர்னல் அந்தக் கம்பிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி அதை மூடிவிடும். மூடிவிட்டு, யாரும் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு வரி மட்டும் எழுதிவைக்கும்.

தெருவும் அப்படியே நடந்துகொண்டது. குடியிருப்போர் சங்கத் தலைவர் வரதராஜுலு சார், அப்பாவின் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவைப் பார்ப்பவர், முதல் ஞாயிற்றுக்கிழமையே எல்லோரையும் பிள்ளையார் கோயில் முன்னால் உட்காரவைத்துச் சட்டம் சொன்னார். "தட்டினதும் அவங்கவங்க வீட்டை மட்டும் பாருங்க. நம்மளதுன்னா என்னுதுன்னு சொல்லிட்டுப் போய்ச் செய்யுங்க. இல்லன்னா விட்ட வேலையத் தொடருங்க. பக்கத்து வீட்டை எட்டிப் பாக்க வேணாம், அது டிரைவர் வேலை இல்ல."

"பக்கத்து வீட்ல ஆளே இல்லன்னா?" என்று கேட்டவர் மும்தாஜக்கா. எங்களுக்கு அடுத்த வீடு, ஜாக்கெட் தைக்கிறவர், தெருவில் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத மற்றப் பாதியில் ஒருவர்.

"ஆள் இல்லாத வீட்ல தேவை எப்படிம்மா வரும்?" என்றார் வரதராஜுலு சார். எல்லோரும் சிரித்தார்கள். மும்தாஜக்கா சிரிக்கவில்லை.

பிறகு தெரு அந்தத் தட்டலுக்குப் பழகிய கதை பெரிய கதை. பேக்கரிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது தட்டினால் இரண்டு டம்ளரையும் கீழே வைத்துவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் பார்ப்பார், முடிவெட்டுகிறவர் கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்து உயரே பிடித்துக்கொள்வார், சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டி எந்த வார்த்தையில் நின்றோம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு அறையைப் பார்த்துவிட்டு வந்து அதே வார்த்தையிலிருந்து தொடர்வார்கள், சிலேட்டில் எழுதுகிற பிள்ளைகள் விட்ட எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். தெருவிலேயே பந்தல் போட்டு நடந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சு போட்டபோது தட்டல் விழுந்தது, மாப்பிள்ளை எங்கள் தெருக்காரர், "கொஞ்சம் இருங்க, கேஸ் அடுப்பு மாதிரி இருக்கு" என்று எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து மூன்றாவது முடிச்சைப் போட்டார். பெண் வீட்டார் தருமபுரிக்காரர்கள், ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். "உங்க மாப்பிள்ளை இப்பவே அடுப்படி வேலை பாக்கிறாரு, குடுத்துவச்சவ" என்று எங்கள் ஆட்கள் சமாளித்தார்கள். குறுக்குச் சந்தில் இருந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஒருநாள் தட்டல் விழுந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் எல்லோரும் வெளியே வந்து சேர்ந்து நின்று "எங்களுது இல்ல" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அன்றோடு அந்தச் சந்தில் யார் தோளிலும் எதுவும் தட்டவில்லை. அப்படித்தான் இதை மூட முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

எங்களுக்கு அது மூடப்படக் கூடாது. என் தம்பி ஜெபினுக்கு எட்டு வயது, வலிப்பு வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அம்மா குவைத்தில் நர்ஸ். ஊரார் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறாள். வீட்டில் யாராவது ஒருவர் அவன் பக்கத்தில் இருந்தாக வேண்டும், அந்த யாராவது நான்தான் என்று என்னைக் கேட்காமலே முடிவானது, பத்தாவது முடித்ததோடு நின்றேன். இப்போது எனக்குப் பதினேழு. தியாகம் கியாகம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரியும். நான் தியாகம் செய்யவில்லை, என்னை உட்காரவைத்தார்கள்.

தட்டல் வந்த முதல் மாதத்தில் நான் எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் நின்றபோது அவனுக்கு வலிப்பு வந்தது. தோளில் தட்டியதும் நான் ஓடினேன். அதற்குள் எதிர் வீட்டுக்காரர்கள் யாரோ சட்டத்தை மீறி உள்ளே வந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள், மும்தாஜக்கா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சில் வெளியே வழியும்படி முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். "சாவிய வச்சுப் பூட்டவா போறீங்க?" என்று திட்டிக்கொண்டே. ஜெபின் கொஞ்ச நேரத்தில் கண் திறந்து பிஸ்கட் கேட்டான். அன்றைக்கு ராத்திரி அப்பா ஜெபம் பண்ணும்போது, கர்த்தாவே இந்த லைன் எப்பவும் திறந்திருக்கணும் என்று சேர்த்துக்கொண்டார்.

மூன்றரை மணித் தட்டல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

தினமும் பகல் மூன்றரைக்கு, சனி ஞாயிறு தவிர, தட்டல் விழும். தெரு முழுக்க அவரவர் வீட்டைப் பார்ப்பார்கள். அடுப்பு அணைந்திருக்கும், குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், மோட்டார் நின்றிருக்கும். "எங்களுது இல்ல." "எங்களுதும் இல்ல." தட்டல் நிற்காது. நானும் ஜெபினைப் பார்ப்பேன், மூச்சு ஒழுங்காக இருக்கும், இல்லை என்று சொல்லிவிட்டு வாசலில் வந்து நிற்பேன். அரைமணி, சில நாள் ஒருமணி நேரம்கூட, தெருவே தோளைத் தேய்த்துக்கொண்டு திரியும், கம்பெனியில் யாருக்கும் ஒரு வரி ஓடாது, தையல் கோணிப்போகும், கடைசியில் எரிச்சலில் யாராவது "சரி, என்னுது, போ" என்பார்கள்.

"இப்படியே போனா மூடிர வேண்டியதுதான்," என்றார் வரதராஜுலு சார். மூடுவதற்கு முன்னால் எந்தச் சாமான் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று அப்பா கெஞ்சினார். போர்டில் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு, மதியம் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவை விட்டு வெளியே போய்விட வேண்டும். எங்கள் முறை வந்தபோது நாங்கள் கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ச் சோளம் தின்றோம். திரும்பி வந்தால் வரதராஜுலு சார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னிக்கு வரல, தேவநேசன்."

"பையன் அந்நேரம் தூங்குவான் சார். கேஸ் மூடியிருக்கும். எல்லாம் பாத்தாச்சு."

"உங்க வீடுதான். என்னன்னு பாருங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமை மூடுறோம்."

அப்பா என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். சுற்றி வளைக்கவில்லை, எங்கள் நாகர்கோவில் பேச்சில் நேராகவே கேட்டார். "மக்களே, மூணரைக்கு நீ என்ன செய்வ?"

"வாசல்ல நிப்பேன்."

"எதுக்கு?"

"மூணரைக்குத்தான் ஸ்கூல் பஸ் வரும். என் கூடப் படிச்சதுங்க இறங்கும்."

சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கே அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் தோளில் தட்டியதும் நான் தம்பியைப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்தேன், கொடியில் துணியைப் பார்த்தேன். என்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"உனக்கு என்ன வேணும் மக்களே?"

"படிக்கணும்."

"செய்வோம். கண்டிப்பா செய்வோம். அம்மா கான்ட்ராக்ட் முடியட்டும், தம்பிக்கு மாத்திரை மாத்திப் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அதுவும் முடியட்டும். பிறகு பாப்போம்."

பிறகு. அவர் எழுதுகிற எல்லா டிரைவரிலும் அந்த ஓரம் இருக்கிறது, பிறகு செய்யவேண்டியதைப் போட்டுவைக்கிற ஓரம். கம்பெனி போர்டில் அந்த ஓரத்தில் கிடப்பதை எப்படியாவது ஒருநாள் எடுத்துச் செய்துவிடுவார்கள், இல்லாவிட்டால் லிஃப்ட் ஓடாது. வீட்டில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

மறுநாளிலிருந்து மூன்றரைத் தட்டல் விழுந்த மறுநொடியே நின்றது. தெரு நிம்மதியானது. என்னவென்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா கம்பெனியில் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னுது, பாத்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார். ஒருமுறை ஒரு லிஃப்ட் போர்டில் ஏதோ ஒரு சாமான் காரணமில்லாமல் தட்டிக்கொண்டே இருந்ததாம், மறுநாள் அனுப்பியாக வேண்டுமாம், அதனால் கதவு சென்சார் டிரைவரில் எட்டிப் பார்க்கிற வரியை எடுத்துவிட்டு, யார் தட்டினாலும் என்னுது என்று சொல்லும்படி எழுதிவிட்டாராம். போர்டு அமைதியாக ஓடியதாம். இதை அவர் என்னிடம் ஒரு சாமர்த்தியமாகத்தான் சொன்னார். டிரைவர் எழுதுகிற எல்லோருக்கும் இது செய்யக் கூடாத வேலை என்று தெரியும், எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள்.

வரதராஜுலு சாருக்கும் தெரியும். "எப்படியோ அடக்கிட்டீங்களே," என்று அப்பாவுக்கு டீ வாங்கிக்கொடுத்தார். மும்தாஜக்காதான் ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே என்னைக் கேட்டார். "ஏ ஷைனி, உங்கப்பன் என்னுதுங்கறாரே தினமும், வீட்டுப் பக்கம் வந்து நான் பாத்ததே இல்லையே?"

"வரமாட்டாரு."

"அப்ப எதப் பாத்துட்டேங்கறாரு?"

நான் ஜெபினைப் பார்க்க வீட்டுக்குப் போனேன்.

மார்கழி கடைசியில் ஒரு வியாழக்கிழமை நான் அரசுப் பெண்கள் பள்ளிக்குப் போனேன். பதினொன்றாம் வகுப்பில் நடுவில் சேர்ப்பார்களா, வரும் ஜூனில்தான் சேர்ப்பார்களா என்று தலைமையாசிரியையைக் கேட்க வேண்டும். அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் பிறகு என்பார். ஜெபின் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். மும்தாஜக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். "போய்ட்டு வா, தட்டினா நான் பாத்துக்கறேன்," என்றார். தெருவைத் தாண்டினால் தட்டல் எட்டாது, ஆனால் அவர் இருக்கிறார், தெருவே இருக்கிறது, லைன் திறந்திருக்கிறது என்று போனேன். தலைமையாசிரியை ஜூனில் வா என்றார். மாற்றுச் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வெளியே வரும்போது பள்ளி மைதானத்தைக் குறுக்கே நடந்து பார்த்தேன்.

அன்றைக்கு மூன்றரை மணிக்கு என் தட்டல் விழ வழியே இல்லை, நான் தெருவில் இல்லை.

ஆனாலும் விழுந்தது. மும்தாஜக்கா மெஷினிலிருந்து காலை எடுத்தார், தன் வீட்டை ஒரு பார்வை பார்த்தார், இல்லை, உடனே எழுந்து வெளியே வந்து எங்கள் படியில் கால் வைத்தார். தட்டல் நின்றது. தினமும்போல யாரோ என்னுது என்று சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டிலோ யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார், பேக்கரிக்காரர் டம்ளரைக் கையில் எடுத்தார், முடிவெட்டுகிறவர் கத்தியைக் கழுத்தில் வைத்தார், பிள்ளைகள் விரலை எடுத்துவிட்டு எழுதத் தொடங்கினார்கள், அப்பா அடுத்த வரியை அடித்தார், தெரு விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்ந்தது. எங்கள் வீட்டுக் கட்டிலில் ஜெபின் குப்புறப் புரண்டு முகம் தலையணைக்குள் புதைந்து கிடந்தான்.

நான் நாலேகாலுக்கு வந்தேன்.

அம்மா குவைத்திலிருந்து வந்தாள், நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவனை வைத்தோம், அம்மா லீவு முடிந்து திரும்பிப் போனாள். அவளிடம் தட்டலைப் பற்றிச் சொன்னோம். "அங்கல்லாம் பேஷண்ட் பெல் அடிச்சா எட்டிப் பாக்காம ஆஃப் பண்ணினா வேலையை விட்டே தூக்கிருவாங்க," என்றாள் அப்பாவைப் பார்க்காமல். அவ்வளவுதான் அவள் சொன்னது.

நாங்கள் ஓசூருக்குத் திரும்பி, அப்பா வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய நிமிடத்தில் தெரு முழுக்கத் தட்டல் தொடங்கியது. இந்தத் தடவை அது மூன்றரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிகிற தட்டல் இல்லை. காலையிலும் தட்டியது, சாப்பிடும்போதும் தட்டியது, தூக்கத்திலும் தட்டியது. தெருவில் எல்லோரும் அவரவர் வீட்டைப் பார்த்தார்கள், முன்னைவிடக் கவனமாக, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். இல்லை. பொய்யாக என்னுது என்று சொல்ல இனி யாருக்கும் வாய் வரவில்லை. மும்தாஜக்கா மட்டும் ஒருநாள் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் அப்பா எதிரில் உட்கார்ந்து "என்னுது" என்றார். அப்பா சாப்பிட்டார். தட்டல் நின்றது. அவர் பாத்திரத்தைக் கழுவி வைப்பதற்குள் மறுபடி தொடங்கியது.

"என்கிட்ட கேக்கல அவரு," என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார். "உன்கிட்டதான்."

தெரியும். எட்டிப் பார்க்காமலே தெரியும். நான் அந்த அறைக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்க மேல தப்பு இல்லப்பா என்று சொல்ல வேண்டும். அது பொய். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. வேறு ஏதாவது சொல்லலாம் என்றால், வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரதராஜுலு சார் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "அன்னிக்கு விதிப்படி எல்லாம் சரியாத்தாம்மா நடந்துச்சு. என்னுதுன்னு சொன்னாங்க, நாங்க விட்டுட்டோம். எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் கண் சிவந்திருந்தது, தூங்கியே பல நாளாகியிருக்கும். "இதுக்கு மேல தாங்காது. பத்து மணிக்கு எல்லாரும் வெளிய வரணும். ஒருத்தர் சொல்லலன்னாலும் மூடாது. உங்கப்பாவையும் கூட்டிட்டு வா."

கூட்டிக்கொண்டு வரவில்லை, அவரே வந்தார், பட்டன் மாற்றிப் போட்ட சட்டையோடு. பிள்ளையார் கோயில் முன்னால் தெரு முழுக்க நின்றது, எல்லோருடைய தோளிலும் தட்டல் விழுந்துகொண்டிருந்தது. வரதராஜுலு சார் கையைத் தூக்கினார். "எங்களுது இல்ல," என்று தெரு சொன்னது. அப்பாவும் சொன்னார், மற்றவர்களைவிடத் தெளிவாகவே சொன்னார். மும்தாஜக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடைசியாகச் சொன்னார். தட்டல் நிற்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் அதட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் மெதுவாக, "சொல்லிரு பாப்பா, பிள்ளைங்க தூங்கட்டும்" என்றார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்.

தோள் லேசானது. தெருவில் ஒரு பெருமூச்சு எழுந்தது, பிறகு ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்து போனார்கள், அன்றைக்கு மதியம் எங்கோ பால் பொங்கி அடுப்பெல்லாம் கருகியது, யாருக்கும் தெரியவில்லை, நாற்றம் வந்தபிறகுதான் தெரிந்தது.

இப்போது எல்லாத் தெருவையும்போல எங்கள் தெருவும் இருக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம் போ என்று அப்பா சொல்கிறார், ஃபீஸ், பை, சைக்கிள் எல்லாம் வாங்கித் தருகிறேன் என்கிறார், இதில் பிறகு என்ற சொல்லே இல்லை. கம்பெனியிலிருந்து வந்ததும் உள்ளறைக்குப் போய்க் கதவை லேசாகச் சாத்திக்கொள்கிறார். கதவைப் பூட்டுவதில்லை. உள்ளே அவர் அழுகிறாரா, தூங்குகிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா, என்னைக் கூப்பிட நினைக்கிறாரா என்று முன்பென்றால் தோளே சொல்லியிருக்கும். இப்போது எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். இந்த அறையிலிருந்து அந்தக் கதவு கைக்கெட்டும் தூரம்தான். நான் இன்னும் தள்ளிப் பார்க்கவில்லை.